‘கேப்’ என்ற சொல்லுக்கு முப்பத்தொரு அட்டைகள்

பிப்ரவரி 3

முன்னாள் உதவிப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்காக நம் அலுவலகம் தயாரித்துவரும் அகராதியின் இரண்டாம் தொகுதி இந்த ஆண்டு அச்சுக்குப் போகிறது. அதில் ‘கேப்’ என்ற சொல்லுக்குரிய முப்பத்தொரு அட்டைகளும் தங்கள் கையெழுத்தில் உள்ளன.

அட்டையின் முன்பக்கம் வாக்கியம், பின்பக்கம் அதைப் பேசியவர், இடம், தேதி என்பது தாங்கள் அறிந்த முறைதான். அச்சுக்கு முன் பேசியவர்களைச் சரிபார்த்து வருகிறோம். தங்கள் அட்டைகளில் ஐந்து ‘மனைவி’ பேசியவை. நான்கு ‘மகள்’ பேசியவை. மீதி இருபத்திரண்டில் ஒருவரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. குறிப்பிட்ட தெருவில் பல் டாக்டர் எவரும் இருந்ததில்லை என்கிறார்கள்.

மார்ச் இறுதிக்குள் விளக்கம் வராவிட்டால், விதிப்படி ‘கேப்’ முழுவதையும் நீக்க வேண்டியிருக்கும். விளக்கத்தைத் தலைமைப் பதிப்பாசிரியர் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

தங்கள் முகவரியை மகள் கொடுத்தாள்.

இங்ஙனம்,
பதிப்பாசிரியர், இரண்டாம் தொகுதி


பிப்ரவரி 11

பதிப்பாசிரியர் அம்மையார் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து, நெஞ்சு குளிர்ந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு வரும் கடிதத்தில் ‘சுகமா’ என்று ஒரு சொல் இல்லை. ‘தாங்கள் அறிந்த முறைதான்’ என்று மட்டும் இருக்கிறது. ஆமாம், அறிவேன். அந்த முறையை உண்டாக்கிய மூன்று பேரில் நானும் ஒருவன். முதல் தொகுதியின் முன்னுரையில் இரண்டு பெயர்தான் இருந்ததே, அது வேறு விஷயம்.

தலைமைப் பதிப்பாசிரியர் என்று மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். யார், நம் முற்றுப்புள்ளிதானே? இருபது வருடம் மற்றவர்கள் எழுதியதற்கு முடிவில் புள்ளி வைத்துவந்த மனிதர் தலைமைக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த அலுவலகத்தில் வாக்கியம் எழுதியவன் எவன் நிலைத்தான்? அவர் முன்னால் போய் நின்று, கைகட்டி, விளக்கம் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்லது.

‘கேப்’ என்னுடைய சொல். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ‘இடைவெளி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போகலாம் என்றார் அப்போது தலைமையில் இருந்த நம் பெரியவர். நான் விடவில்லை. ஓட்டை என்றால் பழுது, அடைத்தாக வேண்டும். இடுக்கு என்றால் பொருள் போய் மாட்டிக்கொள்ளும். சந்து என்றால் வழி. கேப் இது எதுவுமில்லை. அங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனால் ஏதாவது வரலாம், போகலாம். பல்லில் இருப்பதும் கேப், கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பதும் கேப், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் மூச்சு விடக் கிடைப்பதும் கேப். ஒன்பது பொருள் பிரித்துக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரிய்யா, உன் இஷ்டம்” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

இப்போது பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். என் மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். வாழ்க்கை வசதியாகவே இருக்கிறது. நீக்குவதானால் நீக்குங்கள்.

முன்னாள், முன்னாள், முன்னாள் உதவிப் பதிப்பாசிரியர்


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

சுகமா? கேட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தின் நகல் கோப்புக்குப் போயாக வேண்டும். அதனால் அப்படி எழுதினேன். இது கோப்புக்குப் போகாது, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

‘நீக்குவதானால் நீக்குங்கள்’ என்று எழுதிவிட்டு அன்று நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக நீங்கள் மூன்று மாதம் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சரிபார்க்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். அட்டைகளை வரிசையாகப் பரப்பி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சிலவற்றை இங்கே எழுதுகிறேன், நீங்களும் வாய்விட்டுப் படியுங்கள்.

பஸ் கண்டக்டர்: “கொஞ்சம் கேப் விட்டு உட்காருங்க, வேர்க்குது. கல்யாணம் ஆனா ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு சட்டமா?”

தையல்காரர்: “உங்க அக்கா பேச ஆரம்பிச்சா கேப்பே விடமாட்டாங்க. நான் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்துதான் வலிக்குது.”

பல் டாக்டர்: “இவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்த கேப்புல காத்து போகுது பாருங்க, ‘அப்பா’ன்னா ‘அஃபா’ன்னு வருது. சிரிக்காதீங்க, குழந்தை அழும்.”

குழாய் ரிப்பேர்காரர்: “கேப் கிடைச்சா போதும், உங்க அம்மா சமையலைப் பத்தி ஆரம்பிச்சிடுவீங்களே! அப்ப அங்கேயே போய்ச் சாப்பிடுங்க.”

குழாய் சரிசெய்ய வந்தவருக்கு உங்கள் அம்மா சமையல்மேல் என்ன கோபம்? எந்த பஸ் கண்டக்டர் உங்களை ஒட்டி உட்கார்ந்தார்?

உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் அம்மா


மார்ச் 1

அன்புள்ள உனக்கு,

தையல்காரர் வரைக்கும் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

சரி. இருபத்திரண்டும் நீதான்.

விதி உனக்கு நினைவிருக்கும். ஒரு சொல்லுக்கு ஒருவர் வாயிலிருந்து ஐந்து வாக்கியத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரே ஆளின் பேச்சை ஊர்ப் பேச்சு என்று காட்டிவிடக் கூடாதே என்று பெரியவர் வைத்த விதி. நியாயமான விதி. நானும் வெளியே அலைந்தேன். கடைசி நிறுத்தம்வரை போனேன். எல்லாரும் ஒன்றுபோலவே பேசினார்கள். கேப் இருக்கு, கேப் இல்லை, கேப் விடு. அவ்வளவுதான். சோர்ந்துபோய் வீட்டுக்கு வருவேன். நீ கதவைத் திறந்துகொண்டே ஒரு வாக்கியம் சொல்வாய், அதில் புதுப் பொருள் ஒன்று நின்றுகொண்டிருக்கும். செருப்பைக் கழற்றும் முன் அட்டையைத் தேடுவேன்.

அந்த வீடு உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டு அறை. முன் அறையில் ஒரே மேசை; பகலில் சாப்பாட்டு மேசை, சாப்பிட்டதும் துடைத்துவிட்டு அகராதி மேசை. நீ ‘க’ வரிசை, நான் ‘கே’ வரிசை. பசை டப்பாவை மூடி வைக்காததற்கு நீ போட்ட சண்டைகள். மகள் அட்டைகளை வைத்து மேசைக்கடியில் வீடு கட்டுவாள். ‘ஃபேன்’ என்ற சொல்லுக்குரிய அட்டைகள் எல்லாம் அவள் கட்டிய வீட்டின் கூரையாக இரண்டு நாள் இருந்தன. முற்றுப்புள்ளி அலுவலகத்தில் தேடு தேடென்று தேடினார்.

ஐந்து தீர்ந்துபோனது முதல் பதினைந்து நாளிலேயே. ஆறாவதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பஸ் கண்டக்டர் என்று எழுதினேன். ஏழாவது வந்தது. அப்புறம் பல் டாக்டர் வந்தார். கடைசியில் ஒரு தெருவையே உண்டாக்கிவிட்டேன், எல்லார் வாயிலும் நீ.

ஆனால் ஒன்று. பேசியவரை மட்டும்தான் மாற்றினேன். சொல்லில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. இடம், தேதி எதையும் மாற்றவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் தொழில் நேர்மை உண்டு. எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு பழக்கமாகிவிட்டது. என் பிரிவுக்குப் பொறுப்பாசிரியராக உன்னைப் போட்டார்கள். பதினோரு வருடம் நான் காத்திருந்த இடம். ஜூன் இருபத்துநாலாம் தேதி காலை, அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிக்கொண்டிருந்த ஆளின் தோள்வழியாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் முற்றுப்புள்ளி நின்று, “என்ன சார், வீட்டுக்குள்ளேயே பதவி உயர்வு, பார்ட்டி இல்லையா?” என்றார். அன்று வெளியே வந்தவன்தான். உனக்குக் கொடுத்தது தப்பு என்று நான் என்றும் சொன்னதில்லை. நீ என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அதே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான். பதினான்கு வருடமாக அது மட்டும்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். முற்றுப்புள்ளி முன் வந்து கையெழுத்துப் போட மாட்டேன். சொல் போனால் போகட்டும்.

நான்


மார்ச் 9

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரித்தேன். நாம் பிரிந்த வருடம் வக்கீல் என்னிடம், “உங்க குறை என்னம்மா, ஒரே வரியில சொல்லுங்க” என்றார். “அவர் நான் பேசுறதைக் கேட்கிறதே இல்லை” என்றேன். கேட்காத மனிதர் இருபத்தேழு அட்டை எழுதி வைத்திருக்கிறார் என்று அந்த வக்கீலிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை என்கிறீர்கள், அது மெய்தான். சொன்னது சொன்னபடி இருக்கிறது. நம் மகள் ‘அஃபா’ என்றது எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு, உங்கள் தொழில் நேர்மையை நம்பி, அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மாடி வீட்டு அம்மா பேசியதாக ஒன்று இருக்கிறது. எட்டாவது பொருள், ‘ஒருவர் இன்னொருவருக்காக ஒதுக்கித் தரும் நேரம்’. அதற்கு இந்த ஒரே உதாரணம்தான். பக்கத்தில் சிவப்பு மையில் ‘அருமை’ என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

“உங்க வேலைக்கு நடுவுல எனக்கு ஒரு கேப் கிடைக்குமா? ரெண்டு நிமிஷம் பேசணும்.”

பின்பக்கம்: இடம், சமையலறை வாசல். தேதி, ஜூன் 19. வருடமும் இருக்கிறது. அதே வருடம்தான்.

அறிவிப்புப் பலகைக்கு ஐந்து நாள் முன்பு.

நான் கேள்வி கேட்டேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் வீம்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தீர்களே, அதற்கு மட்டும் இந்த அட்டை பதில். உங்கள் கையெழுத்துதான்.

மகளின் அம்மா


மார்ச் 13

உனக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று திருத்திக்கொண்டிருந்த ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பதினாறு பக்கத்துக்கு ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை. மேலாளர் மறுநாள் ஒன்பது பிழை காட்டினார்.

பிடிவாதமாக, எனக்கு நினைவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் நினைவிருக்கிறது. நீ சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாய். எட்டாவது பொருளுக்கு உதாரணம் கிடைக்காமல் இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மேசைக்குத் திரும்பி அட்டையை எடுத்து, மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டுமே என்று அவசர அவசரமாக எழுதினேன். சிவப்பு மைப் பேனாவைத் தேடினேன். நிமிர்ந்தபோது நீ இல்லை. நீ போனதை நான் கவனித்தேனா என்று கேட்டால், இல்லை. அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பதினான்கு வருடம் ஒரு குறையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வாழலாம். எழுந்திருக்க, சவரம் செய்ய, பேருந்து பிடிக்க எல்லாவற்றுக்கும் அது துணைக்கு வரும். இந்த மூன்று நாளாகக் காலையில் எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்மேல் இருந்த கோபத்தை முற்றுப்புள்ளிமேல் மாற்றிப் பார்த்தேன். அவர் அதற்குத் தாங்கமாட்டார். அவர் செய்ததெல்லாம் ஒரு சப்பை ஜோக்.

அன்று என்ன சொல்ல வந்தாய்? பதவி கொடுக்கிறார்கள் என்பதைத்தானா, வேறு ஏதாவதா? எழுது. கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல் படிக்கிறேன்.

நான்


மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் வீட்டுக்காரன் சொல்லைப் பார்ப்பான், ஆளைப் பார்க்க மாட்டான். பொறுப்பு உனக்குத்தான்” என்றார். யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்றேன். சமையலறை வாசலில் நின்று நான் சொல்ல வந்தது இதுதான்: “இப்படிக் கேட்கிறாங்க. நீங்க வேண்டாம்னா நான் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட வேண்டியிருந்திருக்காது.

ஒரு வாரத்தில் நான்கு நாள் காத்திருந்தேன். நீங்கள் ‘கே’ வரிசையை முடித்த சந்தோஷத்தில் சீட்டி அடித்துக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. பெரியவரிடம் போய்ச் சரி என்றேன். பலகையில் ஒட்டுவதற்குள் நானே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பாதி உண்மையாகிவிடும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நீங்கள் போன பிறகு அழுதுகொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், ஆனால் எழுந்துவிட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நாற்பதாயிரம் அட்டை என் கையால் போயிருக்கிறது. காலையில் அறையைத் திறந்ததும் வரும் அந்தப் பழைய தாள் வாசனைக்காகவே விடுமுறை நாளிலும் போய்விட்டு வருகிறேன்.

‘கேப்’ விஷயத்துக்கு முப்பத்தொன்றாம் தேதிதான் கடைசி. என் வாக்கியம் ஐந்தும், மகளுடையது நான்கும் போட விதியில் இடம் இருக்கிறது, நீங்கள் வந்து கையெழுத்திட்டால். ஒன்பது பொருளுக்கு ஒன்பது உதாரணம். எந்த ஐந்து என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். சமையலறை வாசலில் சொன்னதையும் போடத்தான் வேண்டும். எட்டாவது பொருளுக்கு வேறு இல்லை.

மகளின் அம்மா


மார்ச் 24

அன்புள்ள உனக்கு,

உன் கேள்விக்கு அன்று நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று ஆறு நாளாக யோசித்தேன். நல்லவனாக ஒரு பதில் தயாரிக்கலாம். “தாராளமா ஏத்துக்க, உனக்கில்லாததா” என்று சொல்லியிருப்பேன் என்று எழுதலாம். எழுதியும் பார்த்தேன். நான் பிழை திருத்துகிறவன், பொய் வாக்கியம் எனக்கு உடனே கண்ணில் பட்டுவிடும்.

அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கம் திரும்பியிருந்தால், “வேண்டாம்னு சொல்லிடு” என்றுதான் சொல்லியிருப்பேன். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் பிரியமாகக்கூடச் சொல்லியிருப்பேன். நீயும் கேட்டிருப்பாய். நாம் பிரிந்திருக்க மாட்டோம். நான் பொறுப்பாசிரியர் ஆகியிருப்பேன், நீ இன்னமும் ‘க’ வரிசையில் உட்கார்ந்து பசை டப்பாவை மூடிக்கொண்டிருப்பாய். அந்த நாற்பதாயிரமும் உனக்கு இல்லை.

நான் கேட்காமல் போனது உனக்கு நல்லதாகப் போயிற்று. இதை நினைத்து ஆறுதல் அடைவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறேன். நம் மேசை மட்டும் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு என்ன செய்வது?

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டு மணிக்கு வருகிறேன். பேசியவர்கள் இருபத்திரண்டு பேரும் என் கற்பனை, அத்தனையும் ஒரே பெண்ணின் பேச்சு என்று அவரிடம் நானே சொல்லி, அவர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அவர் ஜோக் அடித்தால் சிரிக்கவும் செய்கிறேன்.

ஐந்தையும் நீ தேர்ந்தெடு. நான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடியாது.

நான்